எச்சில் சொன்ன சாட்சி

1

ஒரு கரண்டி எச்சிலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வாய் திறந்து உண்மையைச் சொல்ல வைத்து, அதனால் ஓர் உயிரைத் திரும்பக் கொண்டுவந்த ஆள் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். எச்சிலுக்கு ஏது வாய் என்று கேட்காதீர்கள். வாயிலிருந்து வந்ததுதானே அது.

[நடந்ததற்கு ஆதாரம் இல்லை.]

மேலே சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் எழுதியது அல்ல. அதை எழுதியவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்தக் கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. நான் முப்பத்தொரு வருடம் இரத்தம், எச்சில், இன்னும் சொல்லக் கூசும் சமாச்சாரங்களோடு குடித்தனம் நடத்திய ஆஸ்பத்திரி, தன் ஐம்பதாவது ஆண்டு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கக் கட்டுரை கேட்டது. பதினொரு பக்கம் கொடுத்தேன். மலர்க் குழுவில் தகவல் சரிபார்ப்பவர் ஒருவர் இருந்தார். பதினொன்றையும் பென்சிலால் குறுக்கே அடித்து, கீழே இரண்டே சொல் எழுதித் திருப்பி அனுப்பினார்: ‘ஆதாரம் இல்லை.’

கட்டுரைக்குத்தானே ஆதாரம் வேண்டும்? அன்று மாலையே தலைப்பை மாற்றிக் கதையாக்கிவிட்டேன். அந்த மனிதர் விடவில்லை. கதையையும் சரிபார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேறு யாருமில்லை, ஆய்வகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். நாங்கள் வைத்த பெயர் தசமம். காலை வணக்கம் சொன்னால்கூட இரண்டு தசமத்துக்குத் திருத்தி வாங்கிக்கொள்வார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தினமும் பத்து மணிக்குத் தன் சொந்தப் பென்சிலோடு வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முந்தின நாள் நான் எழுதியதைப் படிக்கிறார்.

[ஒன்றரைத் தெரு. 9.55.]

“சார், இது கதை. கதைக்கு எதுக்கு சார் பென்சில்?”

“கதைல நான் வரேன்ல?”

“வரீங்க.”

“அப்ப சரியா வரணும்.”

சரியாக வரட்டும். அவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட அழிக்காமல் அப்படியே விடுகிறேன். நீங்களே நீதிபதி.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை. ஆஸ்பத்திரியின் முடிவில்லாத தாழ்வாரத்தில் யாரோ ஓடி வரும் காலடி ஓசை—

[மழை இல்லை. தாழ்வாரம் பதினான்கு அடி.]

இரண்டாம் தொடக்கம்: மனித உடலில் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி கவிழ்த்தது போல ஒவ்வொரு சுரப்பி உண்டு. அட்ரீனல் எனப்படும் அந்தச் சுரப்பியானது— வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாம் தொடக்கம்: எங்கள் ஆய்வகம் தரைக்குக் கீழே இருந்தது.

இது பரவாயில்லை. இதிலேயே போவோம். தரைக்குக் கீழே என்பதால் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. அவற்றில் தெரிந்தது வானம் அல்ல, கால்கள். வெளியே நடந்துபோகும் மனிதர்களின் முழங்காலுக்குக் கீழான பகுதி மட்டும். முப்பத்தொரு வருடத்தில் பத்தாயிரம் பேரைச் செருப்பை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தேன். சிலரை மேலே நேரில் பார்க்கும்போது முகம் ஏதோ தவறாகப் பொருத்தியது போல இருக்கும்.

[பத்தாயிரம் அல்ல.]

ஃப்ரீசரின் பின்புறம் எப்போதும் இதமாகச் சூடாக இருக்கும். நனைந்த கைக்குட்டைகளை அங்கேதான் காயப்போடுவோம். ஒரு மூலையில் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம், வயசான பூனை மாதிரி உறுமிக்கொண்டு. இன்னொரு மூலையில் தட்டச்சு இயந்திரம். நடுவில் நீள மேசை, அதன் மேல் பீங்கான் ஓடுகள், ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழல்கள், சீட்டு ஒட்டுவதற்கு நாங்களே காய்ச்சிய மைதாப் பசை ஒரு கிண்ணத்தில். இப்போது அந்த அறையில் கார்களை நிறுத்துகிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். என் மேசை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் மூடியில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். காவலாளி வந்து, “உங்க வண்டியா சார்?” என்றான். ஆமாம் என்றேன். பொய்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிட உண்மையாகச் சொல்ல எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

[இந்தப் பத்தி கதைக்குத் தேவையா?]

தேவை சார்.

3

எச்சிலில் என்ன பார்ப்பீர்கள் என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேட்டவர்கள், பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகர முடியாது, படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன். அந்தத் தொப்பிச் சுரப்பி தயாரிப்பது. நாம் கண் விழிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, கடையின் ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, விளக்கைப் போட்டு வைக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுந்து அரை மணி நேரத்தில் அவன் உச்சத்தில் இருப்பான். பிறகு மெல்ல மெல்ல இறங்கி, நாம் படுக்கும் நேரம் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவான். பயம், கோபம், சொல்லாமல் வந்து நிற்கும் மாமியார் என்றால் நடுப்பகலில்கூட மணியடித்தது போல ஓடி வருவான். அவன் வரவு எச்சிலில் தெரியும். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். ஒரு பஞ்சுத் துண்டை மென்று குழாயில் போட்டால் போதும்.

எழுந்ததும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, மதியம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பல் துலக்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிந்தால் எண் கெட்டுவிடும்.* ஒரு நாளின் நான்கு எண்களையும் கோடு போட்டு இணைத்தால், காலையில் ஒரு மேடு, இரவில் ஒரு பள்ளம். மனிதனாகப் பிறந்தவனின் ஒரு நாள் அது.

(* என் மனைவி முதல் நாள் காலையில் நான் பஞ்சை மெல்லுவதைப் பார்த்துவிட்டு, “தலையணையைப் பிச்சுத் தின்னுற அளவுக்கா பசி?” என்றாள். அதற்குப் பிறகு என் காலை எண்ணை நம்ப முடியாமல் போய்விட்டது.)

எங்களுக்கு இந்தச் சோதனை புதிது. மனிதர்களின் சாதாரண அளவு எங்கள் இயந்திரத்தில் என்ன காட்டும் என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு நோயில்லாத ஆட்கள் வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் எல்லோரும் நோயில்லாதவர்கள் என்று நிர்வாகம் தீர்மானித்தது.

[நிர்வாகம் அப்படித் தீர்மானிக்கவில்லை. தன்னார்வலர்கள் இருபத்து நான்கு பேர்.]

அந்த இருபத்து நான்கு பேரும் நாங்களேதான். தினம் காலை ஆளுக்கொரு பையில் தன் எச்சிலைச் சுமந்துகொண்டு பேருந்தில் வருவோம். ஒருமுறை என் பையை ஒருவன் திருடிக்கொண்டு ஓடினான். நான் துரத்தவே இல்லை. அவன் திறந்து பார்க்கும் நேரத்தை நினைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

வந்த குழாய்களை உறைய வைத்து, உருக்கி, சுழற்றுவோம். நூல் நூலாக வழுக்கும் சமாச்சாரம் எல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்பது பளிங்கு. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: சுழற்றிய எச்சிலையும் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மருந்துகளைக் கலந்து, ஊறவிட்டு, எண் வாங்க முழுசாக ஒன்றரை நாள் ஆகும்.

[சரி.]

பார்த்தீர்களா, ‘சரி’ என்று எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

4

இப்போது நான் செய்த ஒரு மகத்தான குறும்பு.

இருபத்து நான்கு பேரைச் சோதிப்பதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு வெள்ளோட்டம் விட்டோம். நானும் சாரும் இன்னும் இரண்டு பேரும் எச்சில் கொடுத்தோம். சாரின் நான்கு குழாய்களையும் நான் காலி செய்து, கழுவி, குழாயடியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை எண் வந்தது. காலை பூஜ்யம், மதியம் பூஜ்யம், இரவு பூஜ்யம். திங்கட்கிழமை காலை தகவல் பலகையில் ஒரு தாளை ஒட்டினேன்:

‘எங்கள் பிரிவுத் தலைவர் காலமாகிவிட்டார் என்று இயந்திரம் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறது. உடலை அலுவலக நேரத்தில் பெற்றுக்கொள்ளலாம். அவர் வழக்கம்போல 8.55க்கு வந்துவிடுவார்.’

ஆய்வகமே வயிறு வலிக்கச் சிரித்தது. இரத்தப் பிரிவிலிருந்து வந்து சிரித்தார்கள். எக்ஸ்ரே பிரிவில் சிரித்த சிரிப்பில் ஒரு படம் ஆடிப்போய், நோயாளிக்கு இரண்டு முதுகெலும்பு தெரிந்தது. சார் தாளைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், தன் மேசைக்குப் போய்விட்டார். கூப்பிட்டுக் கேட்டபோது, நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து நானே ஒப்புக்கொண்டேன்.

(இந்தப் பகுதியில் சார் எதையும் திருத்தவில்லை. எக்ஸ்ரேவைக்கூட. ‘சனிக்கிழமை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சில் முனை அழுந்தி நின்ற ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.)

5

கதையின் நாயகி இனிமேல்தான் வருகிறாள். இவளை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம். அவள் உண்மையில் இருந்தபடி எழுதினால், ‘இத்தனை அடையாளம் கண்ணெதிரே இருந்தும் ஓர் ஆய்வகம் நிறைய ஆட்களுக்குத் தெரியவில்லையா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். கதாபாத்திரம் நம்பும்படியாக இல்லை என்பீர்கள். நம்பும்படியாக இல்லாதது அவள் அல்ல, நாங்கள்தான்.

அவள் எங்கள் தட்டச்சர். நாங்கள் வைத்த பெயர் மின்னல். சேர்ந்த புதிதில் அப்படி அடிப்பாள். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னால் அறிக்கை தயாராகி, அதில் என் இலக்கணப் பிழையும் திருத்தப்பட்டிருக்கும். இரண்டு வருடத்தில் அந்த வேகம் தேய்ந்துபோனது. ஒரு பக்கம் அடித்துவிட்டு இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். பெயரை மட்டும் நாங்கள் விடவில்லை. அது கிண்டலாக மாறிவிட்டது.

“மின்னலு, இந்த வருஷம் விழுமா, அடுத்த வருஷமா?”

“விழும்ணே. உங்க தலைல விழும், கொஞ்சம் பொறுங்க.”

பேச்சு மட்டும் தேயவில்லை. ஆள்தான் தேய்ந்துகொண்டே வந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு நிற்பாள். இழுப்பறையில் ஒரு பொட்டலம் உப்பு. குழந்தைகள் சர்க்கரையை நக்குவது போல உள்ளங்கையில் கொட்டி நக்குவாள். “ஆசையா இருக்குண்ணே, என்ன பண்ண?” என்பாள். உள்ளங்கை ரேகைகள் கருத்திருந்தன. விரல் மடிப்புகளும். தினமும் கார்பன் தாளோடு மாரடிக்கிற பெண், மை ஏறிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

“போகவே மாட்டேங்குதுண்ணே.”

“விடும்மா. கைரேகை ஜோசியனுக்குக் கண்ணாடி தேவைப்படாது.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வரியை எழுதும்போது மட்டும் என் பேனா கொஞ்சம்

[வாக்கியம் முடியவில்லை.]

முடியாது சார். அப்படியே இருக்கட்டும்.

6

ஒரு வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி. இருபத்து நான்கு பேரின் எண்களும் வந்து சேர்ந்தன. இருபத்து மூன்று பேருக்குக் காலை எண் பத்துக்கு மேல். பெரும்பாலும் பதினைந்தைச் சுற்றி. ஒருவருக்கு மட்டும் ஒன்று புள்ளி இரண்டு. அரை மணி கழித்து எடுத்ததும் அதேதான். மதியமும் அதே. காலையில் மேடு எழவே இல்லை. விடிந்தும் கடை திறக்கவில்லை.

அந்தக் குழாயில் மின்னலின் வரிசை எண் ஒட்டியிருந்தது.

அதே நாள் காலையில்தான் அவளைத் தாங்கலாக மேலே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். வயிற்று வலி, வாந்தி. அறுத்துப் பார்த்துவிடுவோம் என்று அறுவை மருத்துவர் முடிவு செய்திருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு.

சார் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதிவேட்டில் அவள் வரிசைக்கு நேரே எழுதினார்: ‘தண்ணீர். நிராகரிக்கப்பட்டது.’

“என்னப்பா, மறுபடியுமா?”

“சார், சத்தியமா நான் தொடல.”

“போன தடவையும் சத்தியம் பண்ணின.”

“போன தடவை பொய்ச் சத்தியம் சார். இது நிஜச் சத்தியம்.”

“ரெண்டுக்கும் வித்தியாசம் பார்த்தா தெரியுமா?”

தெரியாதுதான். சுழற்றிய எச்சில் மாதிரி, தண்ணீர் மாதிரி.

“தண்ணின்னா பூஜ்யம்ல வரணும்? ஒண்ணு புள்ளி ரெண்டு வந்திருக்கே!”

“இயந்திரம் பூஜ்யத்தையே சில நேரம் ஒண்ணுன்னு காட்டும். உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றும் தெரியும். சோதனைப் பெட்டியோடு வந்திருந்த விளக்கத் தாளை, இயந்திரம் சுழலும் நேரத்தில் வேறு படிக்க எதுவுமில்லாமல் கடைசி வரி வரைக்கும் படித்தவன் நான் ஒருவன். அதன் கடைசிப் பத்தியில் இருந்தது: இந்தச் சுரப்பி தேய்ந்துபோனவர்களுக்குச் சோர்வு, மெலிவு, எழுந்தால் தலைச்சுற்றல், வயிற்று வலி, உப்பின் மேல் ஆசை. உள்ளங்கை ரேகைகள் கருக்கும். அறுவை போன்ற பெரிய அதிர்ச்சியை, மாற்று மருந்து தராமல், உடம்பு தாங்காது.

கார்பன் மை.

மூன்று மாடியையும் மூன்றே தாவலில் ஏறினேன்.

[லிஃப்டில் போனாய்.]

லிஃப்டில் போனேன். அறுவை மருத்துவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ரிப்போர்ட் எங்க?”

“இன்னும் அடிக்கல டாக்டர். அடிக்கிற பொண்ணுதான் உங்க கட்டில்ல படுத்திருக்கு.”

“கையெழுத்து இல்லாம, நீ சொல்றேன்னு ஆபரேஷனை நிறுத்தவா? செத்துப்போனார்னு உங்க சாருக்கே நோட்டீஸ் ஒட்டின ஆள் நீ. உங்க சார் போன் பண்ணட்டும், தள்ளி வைக்கிறேன்.”

கதவிடுக்கு வழியாக மின்னல் தெரிந்தாள். கண் மூடியிருந்தாள். கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது.

புது எச்சில் எடுத்துச் சோதிக்கலாம். எண் வர ஒன்றரை நாள். அறுவைக்கு இருப்பது பதினாறு மணி நேரம். கீழே ஃப்ரீசரில் அவள் குழாயில் மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு சொட்டு. ஒப்புக்கொள்ள வேண்டியவர் ஒருவர். அவர் என்னை நம்பத் தயாராக இல்லை. நம்பாததற்கு முழுக் காரணமும் நான்.

7

இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் பிரதியில் என் தலையைச் சுற்றி ஓர் ஒளி வட்டம் இருந்தது. மூன்றாம் பிரதியில் சார் மண்டியிட்டு அழுதார். இனி வருவது ஒட்டடை அடித்த பிரதி.

திரும்பி வந்தபோது மணி நான்கு ஐம்பது. சார் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார். மேசையில் மைதாப் பசைக் கிண்ணம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எச்சில் மாவைத் தின்னும். ரொட்டியை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிப்பதும் அதனால்தான். பள்ளிக்கூடப் பாடம். தண்ணீர் மாவைத் தின்னாது.

“சார், என்னை நம்ப வேண்டாம். குழாயை நம்புவீங்களா?”

“என்ன உளறுற?”

“அஞ்சு நிமிஷம். அது தண்ணியா இருந்தா நாளைக்கே வேலையை விட்டுடறேன்.”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். பசையில் ஒரு சொட்டு எடுத்து நிறையத் தண்ணீரில் கரைத்தேன். அந்தக் கரைசலை மூன்று குழாய்களில் ஊற்றினேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர் சேர்த்தேன், இன்னொன்றில் சார் கண்முன்னால் துப்பிய என் எச்சில். மூன்றாவதில் மின்னலின் கடைசிச் சொட்டுகள் முழுவதும். அதற்குப் பிறகு அவள் குழாயில் ஒன்றுமில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடினை எடுத்து, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் குழிகளில் வரிசையாகச் சொட்டு வைத்தேன். மாவு இருக்கும் வரை அயோடின் நீலமாகும். மாவு தீர்ந்துவிட்டால் ஆகாது. மூன்று குழாய்களையும் கோழி அடைகாப்பது போல என் அக்குளில் வைத்துக்கொண்டேன்.

[முப்பத்தேழு டிகிரியில் வெந்நீர்த் தொட்டி இருந்தது.]

இருந்தது சார். அவசரத்தில் அக்குள்தான் கிட்டே இருந்தது.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு ஓட்டில் வைத்தேன். மூன்றும் நீலம். மறுபடியும் மூன்றும் நீலம். சார் வாசல் பக்கம் திரும்பினார். அடுத்த சொட்டு: தண்ணீர் நீலம், என்னுடையது ஊதா, அவளுடையது... நீலம்தான். அந்த நிமிடம் என் எச்சிலை யாராவது அளந்திருந்தால் இயந்திரத்தில் எண் தீர்ந்துபோயிருக்கும்.

அடுத்த சொட்டு. அவளுடையது ஊதா. அடுத்தது செம்பழுப்பு. பிறகு நிறமே மாறாமல் வெறும் அயோடின் மஞ்சள். தண்ணீர்க் குழி மட்டும் கடைசி வரை நீலமாகவே நின்றது.

நாற்பது நிமிடம் ஆனது இதற்கு.

சார் பையைத் தோளிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்து ‘தண்ணீர்’ என்பதை அடித்தார். தொலைபேசியை எடுத்து மூன்றாம் மாடிக்குச் சுழற்றினார். “டாக்டர், நான்தான் பேசறேன். கையெழுத்து போட்டு அனுப்பறேன். நிறுத்துங்க.”

[அறிக்கையில் கையெழுத்திட்டேன். உரிய பரிசீலனைக்குப் பின். மாவுச் சோதனை எதுவும் பதிவேட்டில் இல்லை.]

8

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: மின்னல் பிழைத்தாள். அன்றைக்கே இரத்தம் எடுத்து உறுதி செய்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அறுவையே தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “ஏண்ணே, இந்த ஆஸ்பத்திரில சாப்பாட்டுக்கு உப்பே போட மாட்டாங்களா?” என்றாள். தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையோடு ஓய்வு பெறும் வரை எங்களோடு வேலை செய்தாள். வேகமும் திரும்பிவிட்டது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். தொலைபேசியில் என்னை இன்னும் திட்டுகிறாள்.

[சரி. ஒரு மாத்திரை அல்ல, இரண்டு.]

இது உண்மை என்பதால் இதை முடிவாக வைக்க முடியாது. இதை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது அந்த ஓடு மட்டும்தான். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேச்சை ஊரே நம்பாது. இன்னொருவர் பேச மாட்டார்.

இரண்டாம் முடிவில் நான் சாரை வில்லனாக்கியிருந்தேன். மூன்றாம் முடிவில் தெய்வமாக்கியிருந்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகு என் கை தானாக நான்காம் பகுதிக்குத் திரும்பியது. அதைத் திரும்ப எழுதுகிறேன். இதில் மிகை கிடையாது. எனக்கு வராது என்பீர்கள், முயற்சி செய்கிறேன்.

நான் சாரின் குழாய்களில் தண்ணீர் பிடித்து வைத்தேன். சனிக்கிழமை எண் வந்தது. சார் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமைதான் தாளை ஒட்டினேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பல வருடம் கழித்து ஒரு பேருந்து நிறுத்தத்தில் சாரின் மனைவி சொன்னார்கள்.

“அந்த ரெண்டு நாளும் அவர் படுக்கவே இல்லப்பா. பிள்ளைங்க சர்டிபிகேட், வீட்டுப் பத்திரம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு என்கிட்ட காட்டினார். எந்த சாவி எந்தப் பூட்டுக்குன்னு சொன்னார். எதுக்குங்க இதெல்லாம்னு கேட்டா, சும்மா தெரிஞ்சு வச்சுக்கோன்னார். வாடகைக்காரரைப் பார்த்தா எப்படிப் பேசணும்னுகூட சொல்லிக் குடுத்தார்.”

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

அன்று தண்ணீர்க் குழாயைத் திறந்தவன் நான். மூன்று மாதம் கழித்து, ஓர் உயிருள்ள பெண்ணின் பெயருக்கு நேரே ‘தண்ணீர்’ என்று எழுதியது சாரின் கை. எழுத வைத்தது என்னுடையது. முப்பது வருடமாக நான் போகிற இடமெல்லாம் எச்சிலைச் சாட்சி சொல்ல வைத்த கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். ஒவ்வொரு கைதட்டும் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இந்தப் பத்தியை எழுதும்போதுதான் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வாசகரே, உங்களிடம் விடுகிறேன். நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் இரண்டு மாத்திரையோடு உயிரோடு இருக்கிறாள், அது போதும்.

இங்கே நிறுத்தியிருந்தேன். இன்று காலை 9.55க்கு சார் வந்தார். இந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டார். படிக்கும் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனேன். ஒரு காப்பிக்கு அவ்வளவு பாத்திரங்களை யாரும் உருட்டியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. ஏழாம் பகுதியின் பக்கம் மேலே இருந்தது. ‘நாற்பது நிமிடம்’ என்பதை அடித்திருந்தார். கீழே, ஓரத்தில் இடம் போதாமல் பக்கத்தைத் திருப்பி, இதுவரை அவர் எழுதிய குறிப்புகளிலேயே நீளமான ஒன்று:

[நாற்பது நிமிடம் அல்ல. நான்கு நிமிடம் பத்து வினாடி. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அவள் வரிசையில் முதலில் ஊதாவானது ஏழாவது குழி. நீ தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய், அதை எழுதவில்லை. ஓட்டைக் கழுவியது நான். பதிவேட்டில் எழுதாததும் நான்தான். எழுதினால் அதற்கு முன் என்ன எழுதினேன் என்பதையும் விளக்க வேண்டியிருந்தது. நடந்தது.]